இடது பக்கம் என் பொறுப்பு

என் கணவர் கார் ஓட்டும்போது நான் வாய் மூடுவதில்லை. "இடப்பக்கம் ஓட்டோ வருது", "சைக்கிள்காரன் ஒருத்தன்", "நாய் நிக்குது, மெல்லப் போங்கோ" என்று வெள்ளவத்தையில் தொடங்கினால் போய்ச் சேரும் இடம் வரைக்கும் அதுதான் என் வேலை. மெல்பேர்னில் இருக்கிற எங்கள் மகள் துஷாந்தினி போன வருடம் வந்து நின்றபோது இதைப் பார்த்துக் கொதித்துப் போனாள்.

"அம்மா, அப்பா எத்தினை வருஷமாக் கார் ஓடுறவர். அவரை நிம்மதியா ஓட விடுங்கோவன். பக்கத்தில இருந்து இப்பிடி நச்சரிச்சால் ஆருக்குத்தான் விசர் வராது?"

ரியூசன் வகுப்புகளில் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். கடைசி வாங்கில் தூங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரிக் கத்திப் பழகிய தொண்டை, அதனால் நச்சரிப்புக்காரி என்ற பட்டம் எனக்குப் புதிதில்லை. உண்மை என்னவென்றால், என் கணவருக்கு இடது பக்கம் தெரிவதில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் தேத்தண்ணிக் கோப்பையில்தான் பிடிபட்டது. இடது பக்கமாக நீட்டினால் அவருடைய கை வராது. முன்னால் கொண்டுபோனால் உடனே வாங்குவார். பிறகு கதவு நிலையில் தோள் இடிக்கத் தொடங்கியது. ஒருநாள் சவரப் பெட்டியைத் துடைக்கப் போனேன். அதற்குள் சின்னச் சின்னச் சொட்டுமருந்துப் போத்தல்கள், சிலது வெறும் போத்தல். பார்மசியில் காட்டிக் கேட்டேன். குளுக்கோமாவாம். போன பார்வை திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்தாம். போத்தலைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இதில் கொடுமை, அந்த மருந்தை ஒரு காலத்தில் டொக்டர்மாரிடம் கொண்டுபோய் விளக்கம் சொல்லி விற்றவரே அவர்தான். குகதாசன் என்றால் கொழும்பில் இருந்து திருகோணமலை வரைக்கும் கண் டொக்டர்மாருக்குத் தெரிந்த மெடிக்கல் ரெப். சாம்பிள் பையைப் பின் சீற்றில் போட்டுக்கொண்டு இந்த நாட்டின் வீதியெல்லாம் ஓடினவர். சண்டைக் காலத்திலும், வெள்ளத்திலும், ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று எல்லோரும் கதவைச் சாத்துகிற நேரத்திலும் ஓடினவர். அவருடைய மதிப்பு மரியாதை எல்லாம் அந்தச் சாவிக் கொத்தில் கோத்துக் கிடந்தது.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் மனுசன் உடைந்து போவார், அல்லது பொய் சொல்லுவார். இரண்டையும் என்னால் பார்க்க முடியாது. அது அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் ஒரு லைசன்ஸ் இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது எடுத்தது. "காலி வீதியில உமக்கு ஏலாது" என்று இவர் சொன்னதால் வங்கியில் அடையாளத்துக்குக் காட்ட மட்டும் பயன்பட்ட லைசன்ஸ். அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் இரத்மலானையில் விமான நிலையத்துக்குப் பின்பக்கத்து ஒழுங்கைகளில் கார் ஓடப் பழகினேன். பழக்கியவள் யதுஷா என்று என் மகளை விட இளமையான பெண். "அன்ரி, கண்ணாடியைப் பாருங்கோ, என்னைப் பாக்காதேங்கோ" என்று என்னை வறுத்தெடுப்பாள். முன்னுக்குப் போவது கெதியில் பிடிபட்டது. ரிவேர்ஸ் மட்டும் வரவே இல்லை. ஒருநாள் யாரோ வீட்டுப் பூச்சாடியை நொறுக்கினேன்.

வீட்டில் சொன்ன பொய், திருமுறை வகுப்புக்குப் போகிறேன் என்பது.

இப்படி இருக்கும்போதுதான் ஓகஸ்டில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "பவளம், காடு மலை பாக்க ஒரு பயணம் போவம். வில்பத்து, மின்னேரியா, ஹோர்ட்டன் சமவெளி, யால. எல்லாத்துக்கும் திரும்புற சந்தி எனக்குத் தெரியும். ஆனா ஒருநாளும் திரும்பினதில்லை. எப்பவும் டொக்டர் காத்துக்கொண்டிருப்பார்."

கறி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஏன் இப்போது என்று எனக்கு விளங்கியது. பார்க்க வேண்டியதைப் பார்க்க முடிகிற காலத்திலேயே பார்த்துவிட நினைக்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"போவம்," என்றேன். "ஆனா இருட்டினாப் பிறகு ஓடுறேல்லை."

"ஓம் ஓம். யானை வரும்தானே," என்றார் அவசரமாக. பொழுது பட்டால் அவருக்கு இன்னும் மோசம் என்பதும் எனக்குத் தெரியும்.

புறப்படும் காலையில் வழக்கப்படி ஒழுங்கைப் பிள்ளையாருக்கு முன்னால் காரை நிறுத்தி, நாலு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். காரை எடுக்கும்போது பழம் நசியவேண்டும், அப்போதுதான் வழி நல்லபடி போகும். வலப்பக்க இரண்டும் சரி. இடது முன்சில்லுக்கு வைத்த பழம் சில்லுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவர் நிமிர்ந்து கை தட்டிக்கொண்டு போய் ஏறினார். நான் செருப்புக் காலால் அதை உள்ளே தள்ளிவிட்டு ஏறினேன். பழம் நசிந்த சத்தம் கேட்டது. இடது பக்கம் என் பொறுப்பு என்று பிள்ளையாருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

புத்தளம் வரை உப்புக் காற்று, அதற்குப் பிறகு காய்ந்த காடு. வழி நெடுக நான் என் வேலையைப் பார்த்தேன். அவர் இடைக்கிடை "தெரியும், தெரியும்" என்றார். சிலாபம் தாண்டினதும் அவருக்கு ஒரு யோசனை.

"இத்தினை மாசமா வகுப்புக்குப் போறீர். ஒரு தேவாரம் பாடும், கேப்பம்."

எனக்கு வியர்த்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருகிற அந்த ஒன்றையே இழுத்து இழுத்துப் பாடினேன். இடையில் "லொறி! இடப்பக்கம் லொறி!" என்றும் செருகினேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"உந்த ஒண்டைத்தான் படிப்பிச்சவையே?"

"ஆறுதலாத்தான் படிப்பிக்கினம்," என்றேன்.

வில்பத்துவில் ஒரு ஜீப் எடுத்தோம். சாரதி இளந்தாரி, சிங்களவர். என்னை அம்மே என்றார், இவரை மாத்தையா என்றார். உள்ளே செம்மண் பாதை, இரண்டு பக்கமும் பாலை மரங்கள், திடீரென்று காடு விலகினால் வானத்தைப் பிடித்து வைத்திருக்கிற, வில்லு என்கிற குளங்கள். மான்கள் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நின்றன. நேரே முன்னால் இருந்ததை எல்லாம் இவர் எனக்கு முந்திக் கண்டார். தூரத்தில் முதலை ஒன்று மரக்கட்டை போலக் கிடந்ததைக் கூட அவர்தான் காட்டினார். நேரே பார்க்கிற பார்வை அவருக்கு இன்னும் கூர்மை.

பிறகு சாரதி பிரேக் போட்டார். "அம்மே, வம் பெத்தே! கொட்டியா!" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். இடப்பக்கத்தில் சிறுத்தை. அந்தச் சிங்களச் சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் என் கை தானாகக் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடிப் போனது. கொட்டியா என்றால் புலியும்தான், எத்தனையோ வருடம் எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. காட்டுக்குள் அதற்கு அதன் சொந்த அர்த்தம் மட்டும்தான் என்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

பாலை மரத்தின் தாழ்ந்த கொப்பில் படுத்திருந்தது அது. நாங்கள் பார்க்கிறோம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அவருடைய கையைப் பிடித்து, விரலை நீட்டிக் காட்டினேன். சாரதியும் காட்டினார். அவர் தலையைத் திருப்பினார், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, மறுபடி மேலே. ஒரு குழாய்க்குள்ளால் காட்டைத் தேடினால் எப்படி இருக்கும்? சிறுத்தை எழும்பியது, சோம்பல் முறித்தது, இறங்கிப் போய்விட்டது.

"கண்டீங்களே?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம். கண்டனான். வடிவான மிருகம்," என்றார்.

சாரதிக்கு ஒரே சந்தோசம். சிறுத்தை காட்டின ஜீப் என்றால் பேர்தானே. நான் என் சேலைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டேன், தூசி என்று சொன்னேன். கார்ச் சாவியை விட்டுக்கொடுக்கப் பயந்து ஒரு மனுசன் சிறுத்தையைக் கண்டேன் என்று பொய் சொல்ல வேண்டுமா?

மின்னேரியாவில் குளம் வற்றிப் புல்வெளியாகியிருந்தது. அதில் யானைகள், தூரத்தில், ஒரு பெரிய கூட்டம். அவை எல்லாம் நேரே முன்னால் நின்றன. குட்டி ஒன்று தாயின் காலுக்கு இடையில் நுழைந்து நுழைந்து வந்ததை அவர் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். அன்று முழுக்கச் சின்னப் பிள்ளை போல இருந்தார். இரவு ஹபரணை விடுதியில் மகள் வீடியோவில் வந்தபோது யானைக் கதை தவிர வேறு எதுவும் இல்லை.

"அம்மா கார்ல சத்தம் போட்டவவே?" என்று கேட்டாள் துஷாந்தினி.

"அவ இல்லாட்டி எனக்கு வழியில நித்திரை வந்திடும்," என்றார் அவர். என்னைக் காப்பாற்றுகிறாராம். எனக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

மலைநாட்டில் குளிர். ஹோர்ட்டன் சமவெளியில் விடியப் புறப்பட்டு நடந்தோம். மஞ்சள் புல், கட்டைக் குட்டை மரங்கள், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கல்லும் வேரும் நிறைந்த பாதை. நான் அவருடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "புதுச் சோடி மாதிரிப் போறம்," என்றார். "குளிர்," என்றேன். எதிரே வந்த வெள்ளைக்காரச் சோடி எங்களைப் பார்த்துச் சிரித்தது.

உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்து விளிம்பில் முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் பனிமூட்டம். பக்கத்தில் நின்றவர்கள் அலுத்துத் திரும்பினார்கள். நாங்கள் கல்லில் குந்தியிருந்து பிஸ்கட் சாப்பிட்டோம். பிறகு மூட்டம் விலகியது. காலடியில் மலை அப்படியே விழுந்து, கீழே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயங்கள், அதற்கும் அப்பால் சமவெளி, எங்கேயோ ஒரு குளம் மினுங்கியது. அவர் எழுந்து நின்று பார்த்தார். நான் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிக் காணும் பவளம், இது போதும்," என்றார்.

இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரீ குடிப்பமே?" என்றார்.

அடுத்த நாள் பண்டாரவளைப் பக்கமாக இறங்கினோம். எல்லவிலிருந்து வெல்லவாய வரைக்கும் ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு பஸ், சுற்றுலாப் பயணிகளின் ஓட்டோ, படம் எடுக்க வீதியில் நிற்கிற ஆட்கள். அன்றைக்கு நான் மூச்சு விடாமல் கத்தினேன். ஒரு வளைவில் இடது கரையோடு நடந்துபோன ஒரு பெண்ணின் குடையைக் கார் உரசியது. அவள் ஏசினாள். நான், "அப்பவே சொன்னனான்" என்றேன். அவருக்கு முகம் கறுத்தது.

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரும்! நீர் கத்துறதாலதான் எனக்குத் தடுமாறுது!"

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சொல் அவர் என்னைச் சொன்னதில்லை. எனக்கும் கோபம் வரும். நன்றாகவே வரும். சரி, மூடிக்கொண்டு இருக்கிறேன், பார்ப்போம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். யாலவுக்கு முதல் கதிர்காமத்து முருகனைக் கும்பிடுவதாக இருந்தோம், வெல்லவாயவில் இறங்கி அந்தப் பூசைத் தட்டுக்குப் பழம் வாங்கியபோதும் அவரோடு கதைக்கவில்லை. கதிர்காமத்தில் நல்ல பழம் கிடைக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை, வழியில் வாங்கிக்கொண்டு போவதுதான் முறை. ஒரு முழுச் சீப்புக் கதலிப்பழம், மாம்பழம், அன்னாசி, ஒரு கட்டு வெற்றிலை. தட்டில் அடுக்கி, சிவப்புத் துணியால் மூடி, என் சீற்றுக்குப் பின்னால் வைத்தேன். அன்னாசி வாசம் கார் முழுக்கப் பரவியது.

வெல்லவாயவுக்கு அங்கால் புத்தள என்று ஒரு சின்ன ஊர், அங்கிருந்து கதிர்காமத்துக்குப் போகிற வீதி யாலக் காட்டின் ஓரமாகப் போகிறது. நேரான வீதி, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எங்களைத் தவிர வாகனம் இல்லை. யானைகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்று ஒரு பலகை. யார் கொடுக்கப்போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்கு ஏசி பிடிக்காது, ஜன்னல் எல்லாம் பாதி திறந்திருந்தது. நேரான வெறும் வீதியில் என் வாய்க்கு வேலை இல்லை என்று கோபத்தை மடியில் வைத்துக்கொண்டு என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது பற்றைக்குள் இருந்து ஒரு பெரிய நெற்றி வெளியே வந்துகொண்டிருந்தது. இடது பக்கம். கார் அதே வேகத்தில் அதை நோக்கிப் போனது.

"நிப்பாட்டுங்கோ! யானை!"

"எங்க?"

"இடப்பக்கம்! இடப்பக்கம்!"

பிரேக்கில் கார் அலறி நின்றது. தந்தம் இல்லாத ஒற்றை ஆண் யானை. அது அவசரப்படவில்லை. நிறுத்தினதற்கு நன்றி என்பது போல எங்கள் பக்கம் நடந்து வந்தது, என் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது. அதன் கண் இமை மயிரைக் கூட நான் கண்டேன். தும்பிக்கை பின் ஜன்னலுக்குள்ளே நுழைந்தது. தட்டு கவிழ்ந்து விழுந்த சத்தம். என் கழுத்துக்குப் பின்னால் அதன் மூச்சுச் சூடாகப் பட்டது.

"பழத்தை எடுக்குது," என்றேன் உதடு அசையாமல். "முருகன்ரை பழம்."

"அண்ணர்தானே, எடுக்கட்டும்," என்றார் அவர், குரல் நடுங்கியபடி. "அவையளுக்குள்ள பழப் பிரச்சினை புதுசே?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சீப்பு முழுவதையும், மாம்பழத்தையும், அன்னாசியையும் வாயில் போட்டு முடித்துவிட்டு யானை முன்னால் வந்தது. இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்ற நினைப்பு. இடது விளக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நெற்றியால் காரை ஒரு தள்ளுத் தள்ளியது. கார் ஆடியது.

அவர் ரிவேர்ஸ் போட்டார். கார் கோணலாகப் பின்னால் போய், இடது பின்சில்லு வீதி ஓரத்து வடிகானை ஒட்டிய சரளைக்குள் இறங்கியது. "கான்! கானுக்குள்ள விடாதேங்கோ!" என்று கத்தினேன். நிறுத்தினார். யானை ஒரு அடி எடுத்து வைத்தது.

"இப்ப எங்க நிக்குது?"

"உங்கட இடப்பக்கம். என்ரை கண்ணாடிக்குக் கிட்ட."

தலையைத் திருப்பினார். அவருடைய கண் யானையைத் தேடியது. கை எட்டுகிற தூரத்தில் நின்ற யானையைத் தேடியது.

"பவளம், எனக்கு உந்தப் பக்கம் தெரியேல்லை."

"ஓம்."

"இண்டைக்கு மட்டும் இல்லை. கனநாளா."

"தெரியும்."

"தெரியுமே?"

"தேத்தண்ணி தரேக்கையே தெரியும். இப்ப பின் சீற்றுக்குப் போங்கோ. நான் ஓடுறன்."

"நீரோ?"

"கேள்வியெல்லாம் பேந்து!"

இறங்க முடியாது. அவர் மெல்லிசு, இரண்டு சீற்றுக்கும் நடுவால் பாம்பு மாதிரி நெளிந்து பின்னால் போய் விழுந்தார். நான் அப்படி இல்லை. முழங்கால் கியர்த் தடியில் இடிபட, சேலை ஹான்ட்பிரேக்கில் மாட்ட, தலை கூரையில் மோத, அவர் பின்னால் இருந்து என்னைத் தள்ள, ஒருவழியாக மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். யானை காதை விசிறிக்கொண்டு இதை எல்லாம் ஒரு கூத்துப் போலப் பார்த்தது.

ரிவேர்ஸ். இந்த உலகத்தில் எனக்கு வராத ஒன்றே ஒன்று. கண்ணாடியைப் பாருங்கோ அன்ரி என்று யதுஷாவின் குரல் காதில் கேட்டது. யானையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தேன். சில்லு சரளையை அரைத்துக்கொண்டு தார் வீதிக்கு ஏறியது. நேராக, மெல்ல, இன்னும் மெல்ல, பின்னால் போனேன். யானை சின்னதாகிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்து நின்றுவிட்டு, அலுத்துப்போய், வீதியைக் கடந்து மற்றப் பக்கக் காட்டுக்குள் இறங்கியது. அதன் பிறகும் நான் கொஞ்சம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். நிறுத்தலாம் என்பது உடனே ஞாபகம் வரவில்லை.

பிறகு முன்னுக்கு ஓடத் தொடங்கினேன். பின் சீற்றில் அவர் கவிழ்ந்த தட்டை நிமிர்த்தி வைத்தார்.

"எங்க பழகினனீர்?"

"திருமுறை வகுப்பில."

முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு தேவாரத்தை நினைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. நானும் அழுதேன், ஆனால் துடைக்கக் கை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும்.

"நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு ஒவ்வொரு நாளும் நினைச்சனான்," என்றார். "உம்மையும் எங்கயாவது கொண்டுபோய் இடிச்சுப் போட்டிருப்பன். அதை நினைச்சால் நெஞ்சு பதறுது. ஆனா காரும் இல்லாட்டி நான் ஆர் பவளம்? மூலையில இருக்கிற ஒரு கிழவன்."

நானும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தால் இரண்டு பேரும் கரை சேர முடியாது.

"மூலையில ஆர் விடப்போகினம்?" என்றேன். "எனக்கு வழி தெரியாது. உந்த நாட்டில எந்தச் சந்தியில எங்க திரும்பிறது எண்டு உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில இருந்து சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் நான் நச்சரிச்சனான், இனி உங்கட முறை."

கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் இருந்து ஒரு கை வந்து என் தோளில் இருந்தது. கதிர்காமம் வரும்வரை அந்தக் கை எடுபடவில்லை.

காலையில் வெறுங்கையோடு முருகனைக் கும்பிட்டோம். நடந்ததைச் சொன்னேன், அவருக்கும் அண்ணரைத் தெரியும்தானே. வெளியே வந்தபோது இவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கார் நிறுத்தின இடத்தில் முழங்காலில் நிற்கிறார். பக்கத்தில் பூசைக் கடையில் வாங்கின எலுமிச்சம்பழப் பை. ஒவ்வொரு சில்லாகப் போய்ப் பழம் வைத்துக்கொண்டிருந்தார். இடது முன்சில்லுக்கு வந்தபோது கண்ணை நம்பவில்லை. உள்ளங்கையால் சில்லைத் தடவி, தரையைத் தடவி, ரப்பர் நிலத்தைத் தொடுகிற இடத்தைப் பிடித்து, பழத்தை அதற்குள் செருகினார். அசையாமல் இருக்கிறதா என்று விரலால் தட்டியும் பார்த்தார்.

எழும்பி, மண் தட்டி, சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தார். அதை நேற்றே நான் கொடுத்திருந்தேன், பழக்கத்தில் அவரிடமே. என் கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டார்.

"மெல்ல விடும்," என்றார்.

நாலு பழமும் நசிந்தன. நாலு சத்தத்தையும் அவர் காது கொடுத்துக் கேட்டார்.

யாலவுக்குப் போகிற வீதியில் காலை வெயில். அவர் என் இடது பக்கத்தில் இருந்தார், பெல்ட் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"அடுத்த சந்தியில வலப்பக்கம். அங்கால ஒரு பள்ளம் கிடக்கும், பாத்து. இடப்பக்கம் மாடு ஒண்டும் நிக்கேல்லையே?"

"நிக்குது. கண்டனான்."

"ஹோன் அடியும்."

"அது பேசாம நிக்குது, நான் ஏன் அடிக்க?"

"அடியும் எண்டுறன்!"

அடித்தேன். மாடு திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்குத் திருப்தி. கொஞ்சத் தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"வில்பத்துவில அந்தச் சிறுத்தை, பவளம். நான் காணேல்லை."

"தெரியும்."

"என்ன மாதிரி இருந்தது?"

ஓட்டிக்கொண்டு கதை சொல்ல எனக்கு இன்னும் வராது. ஒரு மருத மர நிழலில் காரை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, அது படுத்திருந்த கொப்பில் இருந்து தொடங்கிச் சொன்னேன்.